தேர்ந்தெடுக்கும் எல்லை: செல் சவ்வின் அமைப்பும் கடத்தல் பணியும்

மனித உடலில் உள்ள ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்களில் ஒவ்வொன்றையும் மிக மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. பாக்டீரியா முதல் ஆலமரம் வரை எந்த உயிராயினும் அதன் செல்லுக்கும் வெளியுலகுக்கும் இடையே இத்தகைய சவ்வு இருந்தே தீரும். செல் சவ்வு என்றும் பிளாஸ்மா சவ்வு என்றும் அழைக்கப்படும் இதன் தடிமன் 7 முதல் 10 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதால், இத்தகைய சவ்வுகளைப் பத்தாயிரம் எண்ணிக்கையில் அடுக்கினால்தான் ஓர் எழுதுதாளின் தடிமன் கிட்டும்.

இவ்வளவு மெல்லிய சவ்வு ஆக்சிஜனைத் தடையின்றி உள்ளே விடுகிறது. சர்க்கரையை அதற்கென அமைந்த வழியில் மட்டும் ஏற்கிறது. சோடியத்தை ஓயாமல் வெளியேற்றுகிறது. பொட்டாசியத்தை உள்ளே சேர்த்து வைக்கிறது. செல்லின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே இவ்வாறு பேணப்படும் வேறுபாடே உயிர் வாழ்தலின் அடிப்படை. அந்த வேறுபாடு முற்றிலும் மறையும்போது செல் இறந்துவிடுகிறது. இந்தத் தேர்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் படிப்படியாக அறிந்து வந்தனர். உப்பும் சர்க்கரையும் கலந்த எளிய கரைசல் காலராவை ஏன் வெல்கிறது என்ற கேள்விக்கான விடையும் அந்த அறிவிலேயே அடங்கியிருக்கிறது.

கொழுப்பாலான இரட்டை அடுக்கு

சவ்வு எதனால் ஆனது என்பதற்கான முதல் தடயம் 1890களில் கிடைத்தது. ஜூரிச் நகரில் பணியாற்றிய சார்லஸ் எர்னெஸ்ட் ஓவர்டன், பலவகை வேதிப்பொருள்கள் தாவர செல்களுக்குள் எவ்வளவு விரைவாக நுழைகின்றன என்று ஆராய்ந்தபோது, எண்ணெயில் எளிதில் கரையும் பொருள்கள் விரைந்து நுழைவதையும், நீரில் மட்டுமே கரையும் பொருள்கள் பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிடுவதையும் கண்டார். ஆகவே செல்லின் மேற்பரப்பு கொழுப்புத் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அந்தக் கொழுப்பு எத்தனை அடுக்குகளாக உள்ளது என்ற கேள்விக்கு 1925ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த கார்ட்டர், கிரெண்டெல் ஆகிய இருவரும் விடை கண்டனர். பாலூட்டிகளின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கருவோ வேறு உட்சவ்வுகளோ இல்லாததால், அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கொழுப்பு முழுவதும் மேற்சவ்வுக்கே உரியது. அந்தக் கொழுப்பை அசிட்டோன் கொண்டு பிரித்து நீர்ப்பரப்பின்மீது ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பியபோது, அது சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை நிரப்பியது. எனவே சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கிறது என்று அவர்கள் அறிவித்தனர். அவர்களது அளவீட்டில் கொழுப்பு முழுமையாகப் பிரிந்து வரவில்லை என்பதும், சிவப்பணுவின் மேற்பரப்பு குறைத்துக் கணக்கிடப்பட்டது என்பதும் பின்னர் தெரியவந்தன. ஆயினும் இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் அவர்களது முடிவு சரியாகவே அமைந்தது.

இந்த இரட்டை அடுக்கின் அடிப்படை அலகு பாஸ்போலிப்பிடு எனப்படும் மூலக்கூறு. பாஸ்பேட் அடங்கிய இதன் தலைப்பகுதி நீரை விரும்பும். கொழுப்பு அமிலங்களாலான இதன் இரண்டு வால்களும் நீரை விலக்கும். ஒரே மூலக்கூறில் இவ்விரு இயல்புகளும் சேர்ந்திருப்பதால், இவற்றை நீரில் இட்டவுடன் தலைகள் நீரை நோக்கியும், வால்கள் நீர் படாதவாறு ஒன்றையொன்று நோக்கியும் தாமாகவே அணிவகுக்கின்றன. இதற்கு எந்த நொதியும் ஆற்றலும் தேவையில்லை. சவ்வில் சிறு கிழிசல் ஏற்பட்டால் அது தானே மூடிக்கொள்வதற்கும் இந்த இயல்பே காரணம். கொரோனா வைரஸைச் சுற்றியுள்ள உறையும், அது பெருகிய செல்லின் உட்சவ்விலிருந்து பெற்ற இத்தகைய கொழுப்பு அடுக்கே. சோப்பு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் முனையும் விலக்கும் முனையும் இருப்பதால் அது அந்த அடுக்கினுள் புகுந்து அதைச் சிதைத்துவிடுகிறது.

அசையும் பரப்பில் மிதக்கும் புரதங்கள்

கொழுப்பு மட்டுமே சவ்வாக இருந்தால் உணவும் உப்பும் உள்ளே செல்ல வழியில்லை. அப்பணியைச் செய்பவை புரதங்கள். அவை எங்கே அமைந்திருக்கின்றன என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாக இருந்தது. கொழுப்பு அடுக்கின் இருபுறமும் புரதங்கள் பூச்சுபோலப் படிந்துள்ளன என்று 1935இல் டேனியெல்லியும் டாவ்சனும் முன்வைத்த கருத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்றிருந்தது. 1970இல் ஃபிரை, எடிடின் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மனித செல்லையும் ஒரு சுண்டெலி செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு ஒளிரும் நிறமிகளைப் பூட்டிக் கவனித்தனர். தொடக்கத்தில் தனித்தனிப் பாதியாக இருந்த இரு நிறங்களும் 37 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடங்களுக்குள் முழுவதும் கலந்துவிட்டன. வெப்பநிலையை மிகவும் குறைத்தபோது அவை கலக்கவில்லை. சவ்வு இறுகிய சுவர் அன்று, புரதங்கள் பக்கவாட்டில் நகர்ந்து திரியக்கூடிய பாய்மப் பரப்பு என்பது இதனால் உறுதியானது.

இந்தச் சான்றுகளை ஒருங்கிணைத்து 1972இல் சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் வெளியிட்ட விளக்கமே பாய்மத் திட்டு மாதிரி. பாய்மமாக இருக்கும் கொழுப்பு இரட்டை அடுக்கில் பலவகைப் புரதங்கள் ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பதிந்துள்ளன; சில அடுக்கை முழுவதும் ஊடுருவி இருபுறமும் நீண்டிருக்கின்றன; சில ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்கின்றன. பல திருத்தங்களுடன் இன்றும் ஏற்கப்படுவது இந்த மாதிரியே. கொழுப்பு மூலக்கூறு ஒன்று தன் பக்கத்து மூலக்கூறுடன் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி முறை இடம் மாறுகிறது. ஆனால் நீரை விரும்பும் தலை, நடுவிலுள்ள கொழுப்புப் பகுதியைக் கடக்க வேண்டியிருப்பதால், ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்கு அது தானாகத் தாவுவது மிக அரிது. இதனால் இரண்டு அடுக்குகளும் வெவ்வேறு மூலக்கூறுகளைக் கொண்டிருக்க முடிகிறது. வழக்கமாக உள்ளடுக்கில் மட்டுமே இருக்கும் பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு, இறக்கும் செல்லில் வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. அதைக் கண்டறியும் விழுங்கு செல்கள் அந்தச் செல்லை அப்புறப்படுத்துகின்றன.

கொழுப்புகளின் வரிசையில் கொலஸ்ட்ராலுக்குத் தனி இடம் உண்டு. இரத்தத்தில் அளவு மீறினால் தீங்கு விளைவிக்கும் இதே பொருள், விலங்கு செல்களின் சவ்வில் இன்றியமையாத உறுப்பு. வெப்பத்தில் சவ்வு அளவுக்கு மீறி இளகாமலும், குளிரில் இறுகிப்போகாமலும் காப்பது இதுவே. சவ்வின் வெளிப்பக்கத்தில் புரதங்களுடனும் கொழுப்புகளுடனும் பிணைந்து சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவை ஒரு செல்லை மற்றொரு செல்லுக்கு அடையாளம் காட்டுகின்றன. ஏ, பி என்ற இரத்த வகைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு, சிவப்பணுச் சவ்வின் இத்தகைய சங்கிலி முனையில் உள்ள ஒரே ஒரு சர்க்கரை அலகின் வேறுபாடுதான். அவ்விரு அலகுகளும் இல்லாதது ஓ வகை.

ஆற்றல் செலவில்லாத பயணங்கள்

ஒரு பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவது விரவல் எனப்படும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய, மின்னூட்டமற்ற மூலக்கூறுகள் கொழுப்பு அடுக்கை நேரடியாகக் கடந்துவிடுகின்றன. நுரையீரலில் நிகழும் வாயுப் பரிமாற்றம் முழுவதும் இந்த எளிய விரவலையே நம்பியுள்ளது. குளுக்கோஸ் போன்ற பெரிய மூலக்கூறுகளாலும், சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற மின்னூட்டம் கொண்ட அயனிகளாலும் அவ்வாறு கடக்க இயலாது.

நீரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் நகர்வது சவ்வூடு பரவல். சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால் நீர் உட்புகுந்து அது வெடிக்கும். அடர்ந்த உப்புநீரில் இட்டால் நீர் வெளியேறி அது சுருங்கும். மருத்துவமனைகளில் நரம்புவழி ஏற்றப்படும் உப்புநீர் 0.9 சதவீதச் செறிவில் தயாரிக்கப்படுவதற்குக் காரணம், அந்த அளவில்தான் சிவப்பணுக்கள் வீங்காமலும் சுருங்காமலும் இருக்கின்றன என்பதே. உப்பிட்ட கருவாடும் ஊறுகாயும் கெடாமலிருப்பதற்கும், அவற்றில் விழும் நுண்ணுயிரிகள் இதே முறையில் நீரை இழந்து செயலற்றுப்போவது ஒரு முக்கியக் காரணம்.

நீர் கொழுப்பு அடுக்கை ஓரளவு கடக்குமாயினும், சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது பாயும் வேகத்தை அதைக்கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. 1992இல் அமெரிக்காவின் பீட்டர் அக்ரேயின் குழுவினர், சிவப்பணுச் சவ்வில் தாம் கண்டெடுத்த ஒரு புரதத்தை உருவாக்கும் ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, அவற்றைச் செறிவு குறைந்த நீரில் இட்டனர். சாதாரண முட்டைகள் ஏறத்தாழ மாறாமல் இருக்க, அந்தப் புரதத்தைப் பெற்ற முட்டைகள் சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. அக்குவாபோரின் என்று பெயரிடப்பட்ட இந்த நீர்வழிப் புரதம், நொடிக்கு நூறு கோடி என்ற அளவில் நீர் மூலக்கூறுகளைக் கடத்திக்கொண்டே, ஹைட்ரஜன் அயனியைத் தடுத்து நிறுத்துகிறது. சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டியும், வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவிலேயே இருப்பதற்கு, எஞ்சிய நீர் பெரும்பாலும் இத்தகைய வழிகளில் மீட்கப்படுவதே காரணம்.

அயனிகளுக்கும் இவ்வாறே தனித்தனிக் கால்வாய்ப் புரதங்கள் உள்ளன. பொட்டாசியத்தைவிடச் சோடியம் அயனி சிறியது. ஆயினும் பொட்டாசியக் கால்வாய் பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கிறது. இந்தப் புதிரை 1998இல் ரோடரிக் மெக்கின்னன் அவிழ்த்தார். நீரில் உள்ள அயனியைச் சுற்றி எப்போதும் நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். கால்வாயின் குறுகிய பகுதிக்குள் நுழைய அயனி அவற்றை உதற வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியம் இழந்த நீரின் இடத்தைச் சரியாக நிரப்பும் இடைவெளியில் அமைந்திருப்பதால் அது எளிதாகக் கடக்கிறது. சிறிய சோடியத்துக்கு அந்த இடைவெளி பொருந்தாததால் அது தன் நீரை விட்டுவர முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. அக்ரேயும் மெக்கின்னனும் 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கால்வாய்களைத் தவிரக் கடத்திப் புரதங்களும் உண்டு. இவை ஒரு பக்கத்தில் மூலக்கூறைப் பற்றி, தம் வடிவத்தை மாற்றி, மறுபக்கத்தில் விடுகின்றன. தசை, கொழுப்புத் திசு ஆகியவற்றின் செல்களுக்குள் குளுக்கோஸ் செல்வதற்கு உதவும் குளுட்-4 என்ற கடத்தி, சாதாரணமாகச் செல்லுக்குள் சிறு பைகளில் இருப்பில் உள்ளது. இன்சுலின் வந்து சைகை தந்தவுடன் அப்பைகள் சவ்வுடன் இணைந்து கடத்திகளை மேற்பரப்பில் நிறுத்துகின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் இந்தச் சைகைக்குச் செல்கள் காட்டும் மறுவினை மங்கிவிடுவதால், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது.

எதிர்த்திசையில் ஏற்றும் பம்புகள்

இதுவரை கூறிய கடத்தல்கள் யாவும் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நிகழ்பவை. அவை மட்டுமே இருந்தால் விரைவில் உள்ளும் புறமும் சமமாகிச் செல் செயலற்றுப்போகும். உண்மையில் செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல் இருக்க, உள்ளே 12 அளவில்தான் உள்ளது. பொட்டாசியமோ உள்ளே 140, வெளியே 4 என்று நேர்மாறாக இருக்கிறது. ஆற்றலைச் செலவிட்டு, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குப் பொருளை ஏற்றுவது செயல்மிகு கடத்தல் எனப்படும். அதைச் செய்யும் சோடியம்–பொட்டாசியம் பம்பை, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் கிறிஸ்டியான் ஸ்கூ நண்டுக் கால்களின் நரம்புகளை ஆராய்ந்து கண்டறிந்து 1957இல் வெளியிட்டார்; அதற்காக 1997இல் வேதியியல் நோபல் பரிசின் பாதி அவருக்கு வழங்கப்பட்டது.

செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, இந்தப் பம்பு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு இந்த ஒரு பணிக்கே போகிறது. மூளையில் அந்தப் பங்கு இன்னும் மிகுதி. அச்செலவால் கட்டிக்காக்கப்படும் அயனி வேறுபாட்டிலிருந்தே நரம்புச் செல்லின் சவ்வில் 70 மில்லிவோல்ட் அளவிலான மின்னழுத்தம் தோன்றுகிறது. எண்ணமும் அசைவும் இதயத் துடிப்பும், கால்வாய்கள் நொடிப்பொழுதில் திறந்து இந்த மின்னழுத்தத்தை மாற்றுவதால் நிகழ்பவையே. பல் பிடுங்கும்முன் போடப்படும் மரப்பு ஊசி, சோடியக் கால்வாய்களை அடைத்து வலிச் சைகை நரம்பில் ஏறவிடாமல் செய்கிறது. வயிற்றுப் புண்ணுக்குத் தரப்படும் ஓமெப்ரசோல், இரைப்பைச் செல்களின் அமிலப் பம்பை நிறுத்துகிறது.

பம்பு வெளியே குவித்த சோடியம் மீண்டும் உள்ளே பாய முயலும் விசையையும் செல் வீணாக்குவதில்லை. சோடியம் உள்ளே வரும்போது அதனுடன் குளுக்கோஸையும் சேர்த்துக் கொண்டுவரும் இணைக்கடத்தி ஒன்று குடலில் உள்ளது என்று ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகர மாநாட்டில் முன்மொழிந்தார். சிறுநீரகத்தில் உள்ள இதன் உறவுப் புரதத்தைத் தடுத்து, மிகைச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதே இன்று நீரிழிவுக்குப் பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகளின் செயல்முறை.

கால்வாயிலும் கடத்தியிலும் அடங்காத பெரிய பொருள்களைச் செல், சவ்வையே மடித்துப் பையாக்கி உள்ளே வாங்குகிறது; வெளியேற்ற வேண்டியவற்றைப் பையில் இட்டு, அந்தப் பையைச் சவ்வுடன் இணைத்துக் கொட்டுகிறது. இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரால் துகள்களை ஏற்பிகள் எனப்படும் சவ்வுப் புரதங்கள் பற்றிச் செல்லுக்குள் இழுப்பதை விளக்கிய பிரௌன், கோல்ட்ஸ்டைன் ஆகியோர் 1985இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

காலராவும் உப்பு–சர்க்கரைக் கரைசலும்

சவ்வுக் கடத்தல் பற்றிய அறிவு மனித உயிர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைக் காலராவின் வரலாற்றைப்போல் வேறெதுவும் காட்டுவதில்லை. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்பதைக் கொல்கத்தாவின் சம்புநாத் தே 1959இல் நிறுவினார். அந்த நச்சு குடல் செல்லின் சவ்வில் உள்ள ஒரு சர்க்கரைக் கொழுப்பைப் பற்றிக்கொண்டு உட்புகுந்து, குளோரைடுக் கால்வாய்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, அதைத் தொடர்ந்து சோடியமும், சவ்வூடு பரவலால் நீரும் வெளியேறுகின்றன. கடுமையாகத் தாக்கப்பட்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழந்து ஒரே நாளில் உயிரிழக்கக்கூடும்.

வெறும் நீரையோ உப்புநீரையோ குடிப்பதால் இந்த இழப்பு ஈடாவதில்லை. ஆனால் நச்சு சோடியம்–குளுக்கோஸ் இணைக்கடத்தியைத் தீண்டுவதில்லை. ஆகவே உப்புடன் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டும் அந்த இணைக்கடத்தி வழியே செல்லுக்குள் செல்ல, நீரும் அவற்றைத் தொடர்ந்து உடலுக்குள் திரும்புகிறது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரின் ஆய்வு இதைக் காலரா நோயாளிகளிடம் உறுதிப்படுத்தியது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இந்தக் கண்டுபிடிப்பு அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடும் என்று 1978இல் லான்செட் இதழ் எழுதியது. 2023இல் மஹலனோபிஸுக்கு அவரது மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொடியில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு ஆகியவை உள்ளன. இந்த அளவுகள் சவ்வின் இயல்பைக் கணக்கிட்டு வகுக்கப்பட்டவை. சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் குடலில் கரைபொருளின் செறிவு மிகுந்து, சவ்வூடு பரவல் எதிர்த்திசையில் இயங்கி, உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். இனிப்பு மிகுந்த குளிர்பானங்களும் பழச்சாறுகளும் வயிற்றுப்போக்கை மோசமாக்குவதற்குக் காரணம் இதுவே.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக வயிற்றுப்போக்கு இன்றும் நீடிக்கிறது. எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருப்பில் இருக்க வேண்டும். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு தூய குடிநீரில் அதை முழுமையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாமல், கரைசலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம் கலந்தாலோ, குழந்தை சோர்ந்து கண்கள் குழிவிழுந்தாலோ, குடிக்க இயலாமல் போனாலோ, சிறுநீர் கழிப்பது நின்றாலோ, சிறிதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.